விடையுரைக்கு அப்பால் ரேண்டி பவுஷ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் ரேண்டி பவுஷ், கணையப் புற்றுநோயால் 2008 ஜூலை 25 அன்று 47 வயதில் மறைந்தார். இன்னும் சில மாதங்களே என்று மருத்துவர்கள் கெடு சொல்லிவிட்ட நிலையிலும், 2007 செப்டம்பரில் மேடையேறி, பேச்சினிடையே தண்டால் எடுத்துக் காட்டிய அவரது விடையுரையையே பலரும் நினைவுகூர்கின்றனர். அதில் தவறில்லை என்றாலும், அவர் நடத்திய வகுப்பு மறக்கப்படுவது கணினி ஆசிரியரான எனக்கு வருத்தமளிக்கிறது.

ஓவியம், நாடகம், கணினி எனப் பல துறை மாணவர்களையும் சிறு குழுக்களாகச் சேர்த்து, இரண்டே வாரங்களில் ஒரு மெய்நிகர் உலகை உருவாக்கச் செய்து, அது முடிந்த கையோடு குழுக்களைக் கலைத்துப் புதிதாக அமைப்பது அவர் வழக்கம். நிரலெழுதத் தெரிந்தவரும் தூரிகை பிடித்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து வாதாடியாக வேண்டும். (மதிப்பெண்ணை மட்டும் எண்ணும் ஆசிரியர்களுக்கு இது எளிதில் கைவராது.) நிரலாக்கத்தை இளையோருக்கு எளிதாக்க அவர் தலைமையில் உருவான ‘ஆலிஸ்’ மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

நோயின் கடுமைக்கிடையிலும், 2008 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, கணையப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கூடுதல் நிதி கோரினார். கணினித் துறைக் கட்டடத்தையும் கலைத்துறைக் கட்டடத்தையும் இணைக்கும் நடைபாலத்துக்குப் பல்கலைக்கழகம் அவர் பெயரைச் சூட்டியிருப்பது, சிலை வைப்பதைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி