பாறையில் ஒட்டிய பங்காளி

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் முழங்கால் இப்போது தேவலை. காலையில் கடற்கரை வரை நடந்துவிடுகிறேன்.

கடலோரப் பாறையில் வெள்ளை வெள்ளையாக, சொரசொரவென்று அப்பியிருக்குமே, பார்னக்கிள். சின்ன வயசில் உன் பாதத்தைக் கிழித்து ரத்தம் பார்த்ததே, அதுதான். சிப்பி வகை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது நண்டுக்கும் இறாலுக்கும் பங்காளி, செல்வம்! அறிஞர்களே வெகுகாலம் சிப்பிக் கூட்டத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். 1830இல் ஜான் வாகன் தாம்சன் என்பவர், நீந்தித் திரியும் குஞ்சைப் பிடித்து வைத்து, அது பார்னக்கிளாக மாறுவதைக் கண்டு சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

போன வாரம் நீர் வற்றியிருந்தபோது, பாறைக்குழியில் தேங்கிய தண்ணீர்ப் பக்கம் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் ஒரு குட்டி எரிமலை. உச்சியில் ஒரு திறப்பு, அதை மூடிய தகடுகள். அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தகடுகள் மெல்லப் பிளந்தன. இறகுக்கொத்து போல ஒன்று வெளியே விரிந்து, தண்ணீரை வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனது. மறுபடி விரிந்தது, வாரியது. என் நிழல் விழுந்ததும் சட்டென்று கதவு சாத்திக்கொண்டது.

அந்த இறகுதான் அதன் கால்கள். குஞ்சு தன் கடைசிப் பருவத்தில் எதுவும் தின்பதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பு தீர்வதற்குள் இடம் பிடித்தாக வேண்டும். உணர்கொம்பால் பாறையைத் தொட்டுத் தொட்டு நடக்கும். தன் இனம் ஏற்கெனவே குடியிருக்கும் இடமாகப் பார்க்கும். பிறகு தலையைப் பசையால் ஒட்டிக்கொள்ளும். அதோடு சரி, ஆயுசு முழுக்க அங்கேயே, தலைகீழாக, காலால் வாரி வாய்க்கு ஊட்டிக்கொண்டு. டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் இதைத்தான் ஆராய்ந்தார். ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

பாறைச் சிப்பியும் குஞ்சாக நீந்தி வந்து ஒட்டுவதுதான். கூம்பு ஓட்டு நத்தை ஒன்று உண்டு. பாசி மேய்ந்துவிட்டு, தன் ஓட்டு விளிம்பு அச்சாகப் பொருந்துகிற அதே தடத்துக்குத் திரும்பிவிடும். அதையும் உனக்குக் காட்ட வேண்டும்.

பௌர்ணமியை ஒட்டி வா. நீர் நன்றாக உள்வாங்கும். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. பாறையில் ஏறும்போது மட்டும் செருப்பைக் கழற்றாதே.

அன்புடன்,
உன் ராஜு