உனக்குக் கேட்ட சலங்கை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வெட்கத்தால்தான் பதில் தள்ளிப்போனது. நீ அனுப்பிய பாட்டில் இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில், குரலுக்குப் பின்னால் எங்கோ ஒரு சலங்கை சிணுங்கி அடங்குகிறது, அந்த ஒரு நொடிக்காகவே பாட்டை முப்பது தடவை கேட்டேன் என்று எழுதியிருந்தாய். நான் நாற்பது தடவை கேட்டிருப்பேன். குரல் இருந்தது, தபேலா இருந்தது, இடையில் வந்துபோன வயலினும் இருந்தது. சலங்கையை மட்டும் காணோம். வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறாயோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "இதோ பாட்டி, இப்போது... இதோ மறுபடியும்" என்று அவள் விரலை நீட்டினாள். விரல் அசைவது தெரிந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகே காதைச் சோதித்துக்கொள்ளப் போனேன். ஒலி புகாத சிறிய அறை, ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். சில சமயம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அமைதியாக இருக்கிறதே என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதும் ஒலி வந்துகொண்டுதான் இருந்தது என்று பிறகு வரைபடத்தைக் காட்டினார்கள். ஒலி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்குத்தான் ஹெர்ட்ஸ்; எண் ஏற ஏற ஒலி கீச்சென்றாகும். 2,000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காகப் போகிறது. 3,000-இல் தள்ளாடுகிறது. 4,000-ஐத் தாண்டியதும் கிணற்றில் விட்ட வாளிதான். வயதானால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். உள்காதில் நத்தை ஓட்டைப்போல் ஒரு சுருள் இருக்கிறதாம். அதன் வாசலை ஒட்டிய நுண்மயிர் அணுக்கள் கீச்சென்ற ஒலிகளை வாங்குகின்றன. உள்ளே போகப் போகக் கனத்த ஒலிகள். முதலில் கெடுவது வாசலில் இருப்பவை. கெட்டவை மறுபடி முளைப்பதில்லை.

இரண்டு வருடமாக வீட்டில் எல்லோரும் வார்த்தையை மென்று விழுங்குகிறார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேனே, அதற்கும் விடை கிடைத்துவிட்டது. ச, ஸ, ஃப போன்ற ஒலிகளெல்லாம் அந்த மேல்மாடியில்தான் குடியிருக்கின்றனவாம். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. நான் இன்னும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு அவசரமில்லை.

காதுக் கருவியும் வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சுக்கு நன்றாகவே உதவுகிறது. பாட்டுக்கு அது எதிரி. தானே விசில் அடித்துவிடக் கூடாது என்று அதற்குள் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். ஒரே சுருதியில் நீண்டு நிற்கும் ஒலி எதுவானாலும் தன்னுடைய விசில்தான் என்று சந்தேகப்பட்டு அதை அமுக்கப் பார்க்கும். புல்லாங்குழலில் நல்ல கார்வை ஒன்று நின்றால் போதும், குழல் நடுங்கி, தண்ணீருக்கடியில் ஊதுவதுபோல் ஆகிவிடும். நீ எவ்வளவு காலம் குழலோடு போராடினாய்! அந்தக் கார்வை நிற்க வேண்டுமென்று மூச்சைப் பிடித்தாயே, அதைத் தவறு என்று தீர்ப்புச் சொல்கிறது இந்தக் கடுகளவு கருவி. பாட்டுக்கென்று தனி அமைப்பு ஒன்றைச் செய்துகொடுத்தார்கள்; கொஞ்சம் தேவலை. இருந்தாலும் பாட்டு கேட்க உட்காரும்போது கழற்றி வைத்துவிடுகிறேன்.

இப்போது என்ன கேட்கிறாய், ஏன் கேட்கிறாய் என்று கேட்டிருந்தாய் அல்லவா? இவ்வளவு முன்கதை இல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் இப்போது கேட்பதெல்லாம் பழைய இசைத்தட்டுகள். நம் சிறுவயதில் கேட்ட பாட்டுகள் என்று நினைத்துவிடாதே; நம் அம்மாக்கள் பிறப்பதற்கு முன்பு பதிவானவை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுகளிலிருந்து எடுத்துக் கணினியில் சேர்த்துவைத்தவை. முன்பொரு காலத்தில் நீ இவற்றைக் கேட்டுவிட்டு, பாடகர் அடைமழையில் குடையில்லாமல் நின்று பாடுகிறார் என்று சிரித்தாய். அது நியாயமான கிண்டல். அரக்கோடு கல்தூளைக் கலந்து தட்டைச் செய்தார்கள்; எஃகு ஊசி அந்தச் சொரசொரப்பில் ஓடும்போது எழும் இரைச்சல்தான் உன் அடைமழை.

போன மாதம் ஒரு மாலை அப்படியொரு பதிவைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தேன். பேத்தி வந்து, "பாட்டி, பாட்டைவிட இரைச்சல்தான் அதிகமாக இருக்கிறது, எப்படிக் கேட்கிறீர்கள்?" என்றாள். எந்த இரைச்சல் என்று நான் கேட்டேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். நான் நிஜமாகவே கேட்டேன். எனக்கு அந்தக் குரல், ஏதோ கழுவித் துடைத்து வைத்ததுபோல் அவ்வளவு சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மெல்லிய தூறல் ஒன்று அடியில் இருந்தது, அவ்வளவே.

பிறகுதான் உறைத்தது. 1925-இல் மைக் வழியாகப் பதிவு செய்யும் முறை வரும்வரை, பாடுபவர் ஒரு பெரிய தகரப் புனலுக்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை. அப்படிப் பிடித்ததில் ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸ் முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான் தேறும். அதற்கு மேலே தட்டில் பாட்டு இல்லை, வெறும் கல்தூளின் சத்தம்தான் இருக்கிறது. என் காதில் விழாமல் போனதும் பெரும்பாலும் அந்தப் பகுதிதான். நூறு வருடத்துக்கு முந்தைய பதிவும் இன்றைய என் காதும் ஒரே அளவுக்குத் தைத்த சட்டைபோல் பொருந்திவிட்டன. பாட்டு எனக்கு, இரைச்சல் பேத்திக்கு. இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

இரவு பத்து மணிக்கு மேல் நான் அதிகமாகக் கேட்பது கௌஹர் ஜான். இந்தியாவில் கிராமபோன் கம்பெனிக்காக முதன்முதலில் பாடியவர்களில் ஒருவர். 1902-இல், கல்கத்தாவில். பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற பதிவாளர் கடல் தாண்டி வந்து புனலை வைத்தார். கௌஹர் ஜானின் பதிவுகளில் பாட்டு முடிந்ததும் ஒரு கணம் விட்டு, "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் கூவுவார், கேட்டிருக்கிறாயா? தற்பெருமை என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். அப்போது தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கே இருந்தவர்களுக்குப் பாடியது யாரென்று எப்படித் தெரியும்? தவறான பெயர் ஒட்டிவிடாமலிருக்கப் பாடகரே கடைசியில் அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கூவல், பாட்டைவிட ஒரு துளி அதிகமாகவே பிடிக்கும். பாடும்போது அவர் பெரிய வித்வாம்சினி. பெயரைச் சொல்லும்போது, மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டோம் என்று மூச்சு வாங்கும் ஒரு பெண்.

அந்த மூன்று நிமிடத்தைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச வேண்டும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் இடம். ஒரு ராகத்தைப் பாதி இரவு வரை விரிக்கத் தெரிந்தவர்களை உட்காரவைத்து, மூன்று நிமிடத்தில் முடியுங்கள் என்றார்கள். அதில் பாதிப் பேர் ஓட்டப்பந்தயம்தான் ஓடினார்கள், நான் மறைக்கவில்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் திணித்து, கடைசி வரியில் தட்டு முடியுமுன் போய்ச் சேர வேண்டும் என்று பறப்பார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதில்லை. பொறுமையில்லாத, கத்திப் பாடிய தட்டுகள் என் பட்டியலில் ஏராளம். ஆனால் சிலருக்கு அந்தக் கட்டாயம் வேறு ஏதோ செய்திருக்கிறது. எதை விடுவது என்று யோசித்திருக்கிறார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பவர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய தட்டில், முதல் பத்து நொடியிலேயே தோடி முழுசாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. வாசலில் நின்று கதவைத் தட்டும் வேலையே இல்லை. மிச்ச நிமிடங்களில் அவர் ராகத்தை நிறுவ வேண்டியதில்லை, அதோடு உலாவினால் போதும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நாகஸ்வரத்தின் அந்தக் கூர்மை, நெற்றியில் வந்து குத்துமே, அது எனக்கு இப்போது நேரில் கேட்டாலும் இல்லை. கிளாரினெட்டைப்போல் உருண்டையாகக் கேட்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நாகஸ்வரம் அல்ல என்று எனக்குத் தெரியும்.

வீணை தனம்மாளையும் கேட்கிறேன். மிகச் சில தட்டுகள்தான். அவர் மறைந்தது 1938-இல்; பதிவுகள் அதற்குச் சில வருடம் முன்பு. மைக் வந்திராவிட்டால் அந்த வாசிப்பு தட்டில் ஏறியிருக்குமா என்பது சந்தேகமே. மிருதங்கத் துணைகூட வைத்துக்கொள்ளாமல், சில பேர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்படி வாசித்தவர். புனல் அவ்வளவு மெல்லிய ஒலியைக் கவனிக்காது. வயலினுக்கே அந்தக் காலத்தில் ஓர் உலோகப் புனலைப் பொருத்திச் சத்தத்தைப் பெருக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரோ வயலின் என்று பெயர். படத்தைப் பார்த்தால் பாதி வயலின், பாதி எக்காளம். நான் தனம்மாளின் தட்டை ஒலி குறைத்தே வைத்துக் கேட்கிறேன். ஒலியைக் கூட்டினால் எனக்குத் தெளிவாகக் கேட்கும் என்று பேத்தி சொல்கிறாள். உண்மைதான். ஆனால் கிட்டே போய்க் குனிந்து கேட்பதில் இருக்கும் மரியாதை போய்விடும்.

பாடகி கோயம்புத்தூர் தாயியின் கதை உனக்குத் தெரியாமலிருக்கலாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் தாயியின் அருட்பா இசைத்தட்டில் மயங்கி, அதைப் பியானோவில் எழுதினார். 'ராகமாலிகா' என்றே அதற்குப் பெயரும் வைத்தார். அதில் ஒரு குறிப்பிட்ட சுரத்தின் தந்திக்கடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகச் சொல்லியிருக்கிறார். நம் தாள வாத்தியத்தைப்போல் அது மந்தமாக ஒலிக்க வேண்டுமாம். இப்போது கணக்குப் பார். தாயி பாடியதில் பாதி புனலில் தங்கியிருக்கும். மிச்சத்தில் கொஞ்சத்தைக் கல்தூள் தின்றிருக்கும். இவ்வளவும் போக மிஞ்சியதை வைத்துக்கொண்டு ஒருவர், மொழி தெரியாமல், பியானோவின் வயிற்றுக்குள் அட்டை செருகும் அளவுக்கு அதில் மூழ்கிப்போனார். அவருக்குக் கேட்டது எது?

இதற்கு ஒரு பாதி விடை காது பற்றிய பாடத்தில் கிடைத்தது. ஆண் குரலின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம், அதாவது பாட்டுக்கு ஆதாரமான நடு 'ஸ', சுமார் 130, 140 ஹெர்ட்ஸில் நிற்கும். அந்தப் புனல் அவ்வளவு கீழே பிடிக்கவே இல்லை. ஆனால் தட்டைக் கேட்கும் யாருக்கும் ஸட்ஜம் காணாமல் போனதாகத் தோன்றுவதில்லை. 260, 390, 520 என்று அதன் மேல் அடுக்குகள் மட்டும் வந்தால் போதும். இவையெல்லாம் 130-இன் பிள்ளைகள் என்று மூளை கண்டுபிடித்து, இல்லாத தாயைத் தானே கொண்டுவந்து உட்காரவைத்துவிடுகிறது. பழைய தொலைபேசியிலும் இதே கதைதான். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது எதையும் அனுப்பியதில்லை, ஆனாலும் உன் அண்ணன் அவருடைய கட்டைக் குரலில்தான் பேசினார். கீழே இல்லாததை இப்படி நிரப்பிக்கொள்ளும் மூளைக்கு மேலே இல்லாததை நிரப்பத் தெரியவில்லை. அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

அதனால் ஓர் உதவி செய். உன் பாட்டை மறுபடி போட்டு, அந்தச் சலங்கை எந்த எழுத்தில் தொடங்குகிறது, தாளத்தில் எத்தனையாவது எண்ணிக்கையில், எத்தனை மணி இருக்கும், ஒரே அசைவா இரண்டா, அடங்கும்போது சட்டென்று நிற்கிறதா தேய்ந்து போகிறதா என்று எழுதி அனுப்பு. பேத்தியைக் கேட்டேன், "ஜில் என்று வருகிறது" என்பதற்கு மேல் அவளிடம் சொல் இல்லை. உன்னிடம் இருக்கும். மனப்பாடம் செய்துகொண்டு, அந்த இடம் வரும்போது கையால் தாளம் போட்டுக் காத்திருப்பேன்.

பதிலுக்குக் கௌஹர் ஜானின் பதிவு ஒன்றை அனுப்புகிறேன். அடைமழைக்கு நான் பொறுப்பில்லை. கடைசியில் அவர் பெயரைச் சொல்லும்வரை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
உன் பழைய தோழி