தரகரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு நன்றி

வீடு, மனை விற்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள ஆசை. சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் முன்பின் தெரியாத தரகரிடம் போய் எப்படிக் கேட்பது? தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஓர் அக்கா, தானும் தரகராக இருந்தவர், போனில் பொறுமையாக வழி சொன்னார். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

"சும்மா வேலை செய்யறேன்னு போய் நிக்காதே தம்பி. அவருக்கு வருமானமே கமிஷன்தான், பத்திரம் முடிஞ்சாதான் காசு. உனக்குச் சொல்லிக்கொடுக்கற நேரமும் அவருக்குச் செலவு. அவரோட எந்த வேலையைக் குறைப்பேன்னு சொல்லு."

விளம்பரத்துக்குப் படம் எடுப்பது, சுற்றுவட்டாரத்தில் அண்மையில் விற்ற விலைகளைத் தொகுப்பது, பழைய விசாரிப்புகளுக்குத் திரும்ப அழைப்பது என்று அக்காவே உதாரணமும் சொன்னார். பல நாடுகளில் உரிமம் இல்லாதவர் வாடிக்கையாளருக்காக விலை பேசக்கூடாது. "உன் எல்லை எதுவரைன்னு நீயே முதல்ல கேட்டுடு, நம்பிக்கை வரும்" என்றார். இது எனக்குத் தோன்றியே இருக்காது.

அப்புறம் தரகருக்கு அனுப்ப நான் எழுதியிருந்த மெயிலை வாங்கிப் பாதிக்கு மேல் வெட்டினார். 'கடின உழைப்பாளி', 'ஆர்வம் மிக்கவன்' எல்லாம் போச்சு. மிஞ்சியது, எந்தெந்த நாள் வருவேன், என்ன செய்வேன், என்ன கற்க வேண்டும், இந்தப் பயிற்சி எந்தத் தேதியில் முடியும். முடிவுத் தேதி இல்லாமல் ஒத்துக்கொள்ளவே கூடாது என்பதில் கறாராக இருந்தார். பெட்ரோல் செலவு யாருடையது என்றும் கேட்கச் சொன்னார். கூச்சத்தோடுதான் கேட்டேன், தரகர் தானே தருவதாகச் சொல்லிவிட்டார்!

அடுத்த வாரம் சேர்கிறேன். ரொம்ப நன்றி, அக்கா.