மழைமானி பார்க்கும் தங்கைக்கு

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துத் தங்கை ஒருத்திக்கு இந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே தினமும் காலையில் மழைமானியைப் பார்த்துக் கொப்பியில் குறிப்பது அவள் வேலை. வெயில் நாளிலும் பூச்சியம் என்று எழுதிவைப்பாள். சம்பளம் கிடையாது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம்: மண்சரிவுக்கான இந்த அளவுகள் அவளுக்கு மனப்பாடம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை மலையகத்தில் யார் மறப்பார்கள்?

எங்கள் பக்கம் பெருமழை கொட்டிய இரவில் கதவு கதவாகத் தட்டியவள் அவள்தான். பெரியவர்கள் தயங்கினார்கள். கொப்பியைக் காட்டினாள், கிளம்பினார்கள். ஒருநாளும் தவறாமல் எழுதியவள் என்பதால்தான் அவள் சொல் எடுபட்டது. நடக்க முடியாத என் அம்மாவைப் பாடசாலைக்குத் தூக்கிச் செல்ல ஆள் சேர்த்ததும் அவளே. நான் கொழும்பில் இருந்தேன்.

தங்கச்சி, அம்மா உன்னைச் சாப்பிட வரச் சொல்கிறார்.