செயலாளர் ஆண்டறிக்கை, 2020–21

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்கத்தின் மருத்துவ நண்பர்களுக்கும் வணக்கம். 2020 ஜூன் முதல் 2021 மே முடிய உள்ள அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கொரோனா தொற்றுக்குப் பலியான சக மருத்துவர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

ஜூலை 1 மருத்துவர் தினம் எளிமையாக நடந்தது. ஏற்காடு மலைக்கிராம முகாமும் குடும்ப விழாவும் நடைபெறவில்லை.

புதன்கிழமை இரவு இணையவழிக் கலந்தாய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது தேவையா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். இதில் சொற்பொழிவு கிடையாது. ஒருவர் தம் நோயாளியின் விவரங்களைப் பெயரும் முகமும் மறைத்து முன்வைப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோயின் சிகிச்சைக்காகத் தொடங்கிய எக்கோ திட்டத்தின் வழிமுறைதான் இது. ஏற்காட்டில் தனியாகப் பணிபுரியும் மருத்துவருக்குச் சிக்னல் குறைவு. அவருக்காகவே எக்ஸ்ரே, சி.டி. படங்களை மாலையிலேயே அனுப்பிவைத்தோம். அவர் குரல்வழி மட்டும் கலந்துகொண்டார்.

பயன் என்ன என்போருக்கு ஒன்று சொல்கிறேன். 2020 ஜூன் 16 அன்று கொரோனா மருந்துகளைச் சோதித்த ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ரிகவரி ஆய்வு முடிவு வெளியானது. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருப்போரின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெறுவோரின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை. செய்தியின் முதல் பாதி எல்லோரையும் எட்டியது; இந்தக் கடைசி வரி எட்டவில்லை. காய்ச்சல் கண்ட முதல் நாளே ஸ்டீராய்டு எழுதப்பட்ட சீட்டுகள் நம் கூட்டத்துக்கே வந்தன. எழுதியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. எப்போது தொடங்குவது, சர்க்கரையை எப்படிக் கண்காணிப்பது என்றுதான் பேசினோம். ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் வழிவிடும் கருப்புப் பூஞ்சை நோய் இந்த மே மாதம் பரவியபோது அந்தப் பேச்சின் அருமை புரிந்தது. தனியாக ஒரு கட்டுரையைப் படிப்பதால் வராத தெளிவு இது.

ஆனால் நோயாளி விவரம் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் ஆத்தூர், ஓமலூர், எடப்பாடிப் பக்கத்துச் சிறு மருத்துவமனையினர். நகரத்தின் மூத்த நிபுணர்கள் பலர் பெயர் பதிந்ததோடு சரி. சிலர் இணைப்பில் இருந்தும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நேரமில்லை என்கிறார்கள். அந்த மாதங்களில் யாருக்குத்தான் நேரம் இருந்தது? குணமான கதைகளை மட்டுமே சொல்வதும் போதாது. இழந்த நோயாளியைப் பற்றி ஒருவர் துணிந்து பேசிய இரவுகளில்தான் நாம் அதிகம் கற்றோம்.

வரவு செலவு பொருளாளரின் அறிக்கையில் உள்ளது. செலவு வரவுக்குள் அடங்கியது. சந்தா நிலுவை மட்டும் கவலைக்குரியது. இரண்டாண்டு பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. ஒரு மருந்து நிறுவனம் கூட்டச் செலவை ஏற்க முன்வந்தது, நான் மறுத்துவிட்டேன். எந்த மருந்து வேண்டாம் என்று பேசும் இடத்தில் அந்தப் பணம் பொருந்தாது.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், அலுவலக உதவியாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு காசநோயையும் சர்க்கரை நோயையும் கலந்தாய்வில் சேர்க்க விருப்பம். இணையச் சந்தாவை ஜூலைக்குள் புதுப்பிக்க வேண்டும். ஒருங்கிணைப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முதல் புதன்கிழமைக்கு நோயாளி விவரம் தர இதுவரை ஏற்காட்டு மருத்துவர் மட்டுமே பெயர் கொடுத்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்ல நுரையீரல் நிபுணர் ஒருவர் தேவை.

செயலாளர்