பாஞ்சாலி என்றால் பாஞ்சால நாட்டுப் பெண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெண் குழந்தைகளுக்கான புராணப் பெயர்களையும் அவற்றின் பொருளையும் வெளியிட்டிருந்தீர்கள். மற்றவை நன்றாகவே இருந்தன. 'பாஞ்சாலி' என்ற பெயருக்கு எதிரில் மட்டும் 'ஐவரின் மனைவி' என்று அச்சாகியிருக்கிறது. இது பிழை, தயவுசெய்து திருத்தம் போடுங்கள். இந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நின்றுபோயிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாஞ்சாலி என்றால் பாஞ்சால நாட்டுப் பெண். அவ்வளவுதான். மிதிலையில் பிறந்தவள் மைதிலி, கேகய நாட்டவள் கைகேயி, காந்தார நாட்டவள் காந்தாரி. அதே வரிசைதான் இதுவும். பாஞ்சாலம் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் கங்கையை ஒட்டி இருந்த நாடு, காம்பில்யம் அதன் தலைநகர். அந்தச் சொல்லில் ஐந்து என்ற எண் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஓர் அரசனுக்கு ஐந்து பிள்ளைகள். நாட்டைக் காக்க இவர்களே போதும் என்று அவன் சொன்னதால் அவர்களுக்குப் பாஞ்சாலர் என்று பெயர் வந்ததாக விஷ்ணு புராணம் சொல்கிறது. அது இவள் பிறப்பதற்குப் பல தலைமுறை முந்திய கதை. சுயம்வரத்துக்கு முன்பே அவள் பாஞ்சாலி. கல்யாணமே ஆகாமல் இருந்திருந்தாலும் பாஞ்சாலிதான்.

திரௌபதி என்பது துருபதன் மகள் என்று பொருள். துருபதம் என்றால் மரத்தூண். அவனுக்கு யக்ஞசேனன் என்றும் பெயர் உண்டு, அதனால் இவள் யாக்ஞசேனி. விராடன் அரண்மனையில் ராணிக்குத் தலை அலங்காரம் செய்தபோது சைரந்திரி. ஆக, அப்பா பெயரால் இரண்டு, நாட்டின் பெயரால் ஒன்று, செய்த வேலையால் ஒன்று. அவளுக்கென்றே இட்ட பெயர் கிருஷ்ணை. வேள்வித் தீயிலிருந்து எழுந்து வந்தவளின் கரிய நிறத்தைப் பார்த்து வைத்தது. அவள் மேனியில் கருங்குவளைப் பூவின் வாசம் ஒரு கூப்பிடு தூரம் வரை வீசியது என்று மகாபாரதம் சொல்கிறது. பெண் குழந்தை கறுப்பாகப் பிறந்தால் முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

என் அம்மாவின் பெயர் துரோபதை. பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவிலேயே இரண்டு துரோபதை, ஒரு பாஞ்சாலி. ஆண்களில் தருமன், அர்ச்சுனன், சகாதேவன். எல்லாம் ஊர்க் கோயில் தந்த பெயர்கள். தருமராசா கோயில் என்று சொன்னாலும் திரௌபதி அம்மன் கோயில் என்று சொன்னாலும் நம் பக்கத்தில் ஒன்றுதான். கோயிலில் பாரதம் வைத்துவிட்டால் பகலில் பிரசங்கியார் கதை படிப்பார், இரவில் கூத்து. துகில் கூத்தன்று திரௌபதி வேடக்காரர் 'கிருஷ்ணா' என்று கை தூக்கும்போது என் அம்மா எழுந்து நின்று கற்பூரம் ஏற்றுவார். வேடம் கட்டியவர் பகலில் எங்களோடு டீ குடித்த மனிதர் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் அம்மன், அதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. கடைசி நாள் படுகளத்தில் அந்த வேடக்காரர் மண்ணால் செய்த துரியோதனன் மேல் ஏறி நின்று கூந்தலை முடிவார். அன்று மாலை தீமிதி.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ரீயூனியன் தீவுக்குக் கப்பலேறியவர்கள் இந்த அம்மனையும் கூட்டிப்போனார்கள். தமிழ் பேச மறந்துபோன தலைமுறையும் அங்கே தீ மிதிக்கிறது. அம்மன் பெயர் அவர்கள் வாயில் 'பாண்டியாலே' ஆகியிருக்கிறது. புதுச்சேரியில் பாரதி வாழ்ந்த வீடு இருக்கும் தெருவின் பெயரிலும் தர்மராஜா இருக்கிறார், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகம் 1912இல் அந்த ஊரிலிருந்துதான் வந்தது.

இவ்வளவு இருந்தும் இன்றைக்கு எல்.கே.ஜி. வகுப்பில் ஒரு திரௌபதியைக் காட்டுங்கள் பார்ப்போம். காலையில் நினைக்க வேண்டிய ஐந்து பெண்கள் என்று ஒரு சுலோகம் உண்டு: அகல்யா, திரௌபதி, சீதா, தாரா, மண்டோதரி. அகல்யா, தாரா எல்லாம் புதுப் பெயர் போலத் திரும்பி வந்துவிட்டன. திரௌபதி வரவில்லை. கேட்டால், கஷ்டப்பட்டவள் பெயர், வைத்தால் பிள்ளைக்கும் அந்தக் கஷ்டம் வரும் என்கிறார்கள். சரி, சீதை காட்டுக்குப் போகவில்லையா, தீக்குளிக்கவில்லையா, வயிற்றுப்பிள்ளையோடு மறுபடி காட்டுக்குப் போகவில்லையா? சீதாவுக்குத் தயங்காதவர்கள் இவளுக்கு மட்டும் தயங்குவது ஏன்? நிறைந்த சபையில் 'தன்னைத் தோற்றவர் என்னைப் பணயம் வைக்க முடியுமா' என்று கேட்டவள் அவள். பீஷ்மராலும் அதற்குத் தெளிவான பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பெயர் ஒரு பெண் குழந்தைக்கு எப்படி ஆகாமல் போகும்?

அம்மாவுக்குப் பெயரால் வந்த கஷ்டம் வேறு. ரேஷன் கார்டில் துரோபதை, வாக்காளர் அட்டையில் திரௌபதி, ஆதாரில் துரோபதி. மூவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொல்லி முதியோர் உதவித்தொகைக்கு ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் அலையவிட்டார்கள். 2022 ஜூலை 25 அன்று திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதை டிவியில் பார்த்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேருடி" என்றார். முர்முவுக்கும் வீட்டில் வைத்த சந்தாலிப் பெயர் வேறு. திரௌபதி பள்ளி ஆசிரியர் வைத்த பெயர் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை நான் சொன்னதும், "நல்ல வாத்தியாரு" என்றார் அம்மா. மறு வருடம் அம்மா போய்விட்டார்.

இப்போது எங்கள் காரியம். புதுச்சேரியில் இருக்கும் என் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது மாதம் ஆகிறது. மகனுக்கும் மருமகளுக்கும் பாஞ்சாலி என்ற பெயர் பிடித்திருந்தது. சம்பந்தியம்மாவும் அரை மனதாகச் சரி என்றிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கள் இதழ் வந்தது. 'ஐவரின் மனைவி' என்று படித்ததும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்கள், வேண்டவே வேண்டாம் என்று நின்றுவிட்டார். பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஓராண்டுக்குள் எழுதிக் கொடுத்தால் கட்டணமில்லாமல் சேர்த்துவிடலாம், அப்புறம் தாமதக் கட்டணம்.

சம்பந்தியம்மா பல வருடங்களாகத் தங்கள் இதழின் வாசகி. நான் வாயால் சொல்வதைவிட அதில் அச்சானதைத்தான் நம்புவார். ஆகவே திருத்தத்தை அதே பகுதியில், கண்ணில் படும்படி போடுங்கள். தீமிதிக்கு அவர்கள் குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வருகிறார்கள். அதற்கு முன்னால் இதழ் வந்துவிட்டால் நானே அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.