லஸ்கர் அண்ணன் விக்கிப்பீடியாவில் எழுதுகிறார்

திருவையாறு

அன்புள்ள நண்பா,

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்து வீடே மகிழ்ந்தது. இங்கே குறுவை கதிர் வாங்கிவிட்டது, தண்ணீருக்குக் குறையில்லை.

நம் தெரு லஸ்கர் அண்ணனை நினைவிருக்கிறதா? பொதுப்பணித் துறையில் மதகை ஏற்றி இறக்கியே ஓய்வுபெற்றவர். இப்போது மாலையானால் பேரனின் பழைய மடிக்கணினியோடு என் திண்ணைக்கு வந்துவிடுகிறார், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத!

எழுதிப் பழகுவதற்கென்றே அங்கே இருக்கும் மணல்தொட்டிப் பக்கத்தில் கொஞ்சம் பழகியதும், 1934-இல் திறந்த கல்லணைக் கால்வாயில், அதுதான் நம் புதாற்றில், முறை வைத்துத் தண்ணீர் விடும் வழக்கத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். அன்றிரவே ஒருவர் 'சான்றில்லை' என்று குறிப்பிட்டு அதை நீக்கிவிட்டார். "நான் கையால் திறந்த மதகுக்கு நானே சாட்சி இல்லையா தம்பி?" என்று அண்ணன் கேட்டபோது எனக்கு மனம் கனத்தது.

விதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, முதலில், பக்கத்தின் பழைய வடிவங்களைக் காட்டும் 'வரலாற்றைக் காட்டவும்' என்பதை அழுத்தினேன். அவர் எழுதியது ஓர் எழுத்துக் குறையாமல் அங்கே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது. படிக்கிறவருக்கு அண்ணனைத் தெரியாது, சரிபார்க்க அச்சில் ஒன்று வேண்டும் என்றேன். கட்டுரையைப் பற்றிக் கலந்துபேசும் பேச்சுப் பக்கத்தில் அண்ணன் கேட்டார். நீக்கியவரே மரியாதையாக விளக்கம் எழுதினார்.

புதிதாக வருகிறவரை எடுத்தவுடன் விதிப் பக்கங்களுக்கு அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பிழைத்திருத்தம், ஓர் ஆண்டு, ஒரு மேற்கோள், இவை போதும் ஆரம்பத்துக்கு. அணைக்கரையில் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய கீழணைக்கு, 1906-இல் வெளிவந்த தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியரை மேற்கோள் காட்டப் பழக்கினேன். மேற்கோளை முடிக்கும் </ref> குறியில் சாய்கோடு விட்டுப்போனால் சிவப்பெழுத்தில் பிழை வந்து நிற்கும். அண்ணன் இப்போது முன்தோற்றம் பார்க்காமல் எதையும் பதிப்பிடுவதில்லை.

அவரால் மட்டுமே ஆகிற வேலையும் ஒன்று உண்டு. கருவேலம் புதருக்குப் பின்னால் எந்த மதகு இருக்கிறது, எதில் ஆண்டு பொறித்த கல் பதித்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவற்றைப் படமெடுத்துக் கட்டற்ற உரிமத்தில், விக்கிப்பீடியாவின் படங்கள் இருக்கும் பொதுவகத்தில் ஏற்றத் தொடங்கியிருக்கிறார். யாரும் எங்கேயும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றதும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

நீ கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறவன். தஞ்சை முறைப்பாசனம் பற்றிப் பழைய புத்தகமோ அறிக்கையோ கண்ணில் பட்டால் தலைப்பு, ஆண்டு, பக்க எண் மூன்றையும் எழுதி அனுப்பு. பக்க எண்ணை விட்டுவிடாதே, அண்ணன் அதைத்தான் முதலில் கேட்பார்.

அன்புடன்,
உன் நண்பன்